கோடி வீட்டுக் கதவு

கதவைக் கழற்றக் கூடாதென்று என் கணவர் சூசைமாணிக்கம் கடப்பாரையை ஒளித்து வைத்துவிட்டார். நான் மண்வெட்டிக் காம்பைக் கீழே கொடுத்து நெம்பினேன். துருப்பிடித்த கீல் இரண்டு நெம்பலில் கையோடு வந்துவிட்டது.

"ஏ மேரி, பேங்குக்குக் கதவத் தூக்கிட்டுப் போறவ உலகத்துல நீ ஒருத்திதான்."

"ஒருத்தியாவே இருந்துட்டுப் போறேனுங்க. அந்தப் பக்கம் புடிங்க."

நடந்தது இதுதான். மலைமேல் கொட்டச்சேட்டில், கூலியாட்களுக்கென்று வரிசையாகக் கட்டியதில் நான் பிறந்து வளர்ந்த லைன் வீட்டை எஸ்டேட்காரர்கள் விலைக்கு விட்டார்கள். வரிசையில் கடைசி வீடு, எட்டு லட்சம். கூரை ஒழுகும், ஒயரை எலி தின்றுவிட்டது, கக்கூஸ் கிடையாது. வாங்குவதற்கும் சரிசெய்வதற்கும் சேர்த்து பேங்கில் ஒரே கடனாகக் கேட்டிருந்தேன். பள்ளி விடுதியில் பத்தொன்பது வருஷம் சமைத்த சம்பளச் சீட்டு இருக்கிறது என்னிடம். முன்பணம் ஒரு லட்சம் கொடுத்தாயிற்று. மாதக் கடைசிக்குள் பத்திரம் பதியாவிட்டால் அதுவும் போச்சு, வீடும் போச்சு. இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ணலாமென்று ஒரு ரிசார்ட்காரர் காத்திருக்கிறார்.

சேலத்திலிருந்து வீட்டை மதிப்பிட இன்ஜினியர் ஹரிஹரன் வந்தார். அன்றைக்குச் சாரல். எங்கள் வாசல் நிலை தாழ்வு, குனியாமல் நுழைய முடியாது. அவர் குனியவில்லை. வெளியே குடைக்குள் நின்றபடியே சுவரைப் பேனாவால் தட்டினார், நாலு படம் எடுத்தார், போய்விட்டார். மூன்றாம் நாள் பேங்கில் கடன் அதிகாரி சசிரேகா அவருடைய அறிக்கையை வாசித்துக் காட்டினார்: 'மனிதர் வசிக்கத் தகுதியற்ற கட்டடம். கடன் தரப் பரிந்துரைக்க இயலாது.'

எனக்குச் சுரீரென்றது. அதில் ஆறு பேர் இருந்தோம். என் தம்பி பிறந்ததே அந்த அடுப்படியில்தான். கூரை ஒழுகுகிறது என்று எழுதட்டும், ஆமாமென்பேன். அதற்குத்தானே பணம் கேட்கிறேன்! வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன மவராசன் ஓட்டை வீட்டுக்குக் கடன் கேட்டுப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

கதவை வாடகை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் சசிரேகாவின் மேசையருகே சாத்தி வைத்தேன். வேறொரு வீட்டு அறிக்கையைக் கொடுக்க வந்த ஹரிஹரனும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நல்லதாய்ப் போச்சு.

"ஏனுங்க மேடம், இதப் படிங்க. சனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவங்க எழுதுன நம்பரு, மூணு தடவ எழுதியிருக்காங்க. இது போலியோ சொட்டு மருந்து ஊத்திட்டுப் போட்ட குறி. இது ஓட்டுக்கு ஒட்டுன சீட்டு. ஓட்டுக் கேக்கறப்ப நாங்க மனுசங்க, கடன் கேட்டா மட்டும் இல்லீங்களா?"

சசிரேகா எழுந்து வந்து, மங்கிப்போன எண்களின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"சார், நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?"

சசிரேகா அறிக்கையை எடுத்து ஹரிஹரனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"உள்ள போய்ப் பாத்துட்டு எழுதுங்க. அதுக்கப்புறம்தான் நான் எதுவும் சொல்ல முடியும்."

ஹரிஹரனும் எங்கள் ஜீப்பிலேயே வந்தார், கதவு விழாமல் பிடித்துக்கொண்டு. ஊர் வந்து சேர்ந்தபோது மறுபடி சாரல். கதவை மாட்ட வெளியே ஒரு ஆள், உள்ளே ஒரு ஆள் வேண்டும். சூசைமாணிக்கம் உள்ளே போகப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"நீங்க இருங்க. சாரு, நீங்க உள்ள போயி அந்தப் பக்கம் தூக்கிப் புடிங்க."

"நிலை நொம்பத் தாழ்வா இருக்குதுங்களே."

"அதையும் எழுதிக்கங்க, உசத்திக் கட்டணும். இப்பக் குனிங்க."

ஹரிஹரன் குடையை மடக்கிச் சுவரோரம் வைத்தார். பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகினார். குனிந்தார்.

 பிறகு அடுப்படி இருட்டிலிருந்து இரண்டு கைகள் வந்து கதவின் விளிம்பைப் பற்றின.