தட்டுத்தட்டாக நின்ற எண்ணெய்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் நின்று பார்க்கப் பொறுமை கிடையாது. ஜூனிபர் எண்ணெய் பீப்பாயை விட்டு எழும்பி அறை நடுவே தட்டுத்தட்டாக நின்ற அன்றுகூட, அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்து மூக்கை ஒருதரம் உறிஞ்சிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அன்று காலைதான் கம்பெனிக்காரன் அந்தப் பீப்பாயைத் திருப்பி அனுப்பியிருந்தான். பைனீன் என்கிற வாசனைச் சரக்கு அளவுக்கு மீறி இருக்கிறது, டர்பன்டைன் கலந்துவிட்டீர்கள் என்பது அவன் புகார். ஜூனிபர் பழத்து எண்ணெயில் பைனீன்தான் பெரும்பங்கு. பைன் மரத்து மலிவு எண்ணெயான டர்பன்டைனிலும் அதே சரக்குதான் என்பதால் கலப்படக்காரன் கை முதலில் அங்கேதான் போகும். எண்ணெய் காய்ச்சும் கொதிகலனுக்குச் சொந்தக்காரரான கிழவர் ரொம்ப யோசிக்கவில்லை. அவர் படுக்கையில் கிடந்த வாரத்தில் காய்ச்சியவன் மருமகன். பொழுது சாய்வதற்குள் வீட்டைவிட்டுப் போய்விடு என்றார். என் வீட்டுக்காரர் போனால் நானும் போகிறேன் என்று மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். கிழவர் கதவைச் சாத்தத் தாழ்ப்பாளைப் பிடித்தார்.

எண்ணெய் எழும்பியது அப்போதுதான். பைனீன் லேசான சரக்கு. பச்சை மரம் அறுத்த வாசனையோடு கூரையை ஒட்டிப் பரவியது. அதற்குக் கீழே மிளகுக் காரத்தோடு சாபினீன், அப்புறம் எலுமிச்சைத் தோல் மணத்தோடு லிமோனீன். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. கனத்த சரக்கான காடினீன் நிற்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில், கொல்லையில் கொட்டிக் கிடந்த, காய்ச்சிய பழச் சக்கைக் குவியலிலிருந்து மஞ்சளாக ஒன்று ஊர்ந்து, பின்கதவு இடுக்கில் நுழைந்து, கணுக்கால் உயரத்தில் வந்து படுத்துக்கொண்டது.

மருமகனுக்கு முகம் செத்துவிட்டது. "பாதியிலே நெருப்பை அணைச்சுட்டேன் மாமா. குழந்தைக்கு ஜுரம் ஏறிடுச்சு, வைத்தியர்கிட்ட தூக்கிட்டு ஓடிட்டேன். லேசானது மட்டும்தான் இறங்கியிருக்கு, கனத்தது சக்கையிலேயே தங்கிடுச்சு, அதான் பைனீன் கூடிப்போச்சு. டர்பன்டைனை நான் தொடவே இல்லை."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அப்படியே நம்பிடுவீங்களாக்கும்," என்றாள் மகள்.

கிழவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். எந்த மரத்துப் பைனீன் என்று அதன் நெற்றியிலா எழுதியிருக்கிறது? தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.

"கீழே கிடக்கிறதையும் சேர்த்து அள்ளி ஒண்ணாப் போடு," என்றார் மருமகனிடம். பிறகு மகளைப் பார்க்காமலே, "வாசல்லயே நின்னா எப்படி? உள்ளே வந்து கதவைச் சாத்து. சரக்கு காத்துல போயிடும்."

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மருமகன் மேல்தட்டை எட்ட ஏணியும் வாளியும் எடுத்தான். கிழவர் மஞ்சளில் கால் நனைய, தலையை ஆட்டிக்கொண்டே, இன்னும் முழுசாக நம்பாமலே, சக்கைக் குவியலைப் பார்க்கக் கொல்லைப் பக்கம் நடந்து போனார்.