ஜோசஃபினுக்குக் கேட்காத சத்தம்

ரெமிஜியஸ் யாரையும் நம்பமாட்டார். சிவாஜிநகரில் கறி வாங்கினால் தராசைப் பார்க்கமாட்டார், கடைக்காரரின் கட்டைவிரலைத்தான் பார்ப்பார். பூசையில் காணிக்கைத் தட்டு வரும்போதுகூட, அதை ஏந்தி வருகிறவரின் முகத்தை ஒரு தடவை அளந்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். ஏமாறுகிறவன் இருக்கிறவரை ஏமாற்றுகிறவன் இருப்பான் என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியில் உறுப்பினர் அவர் ஒருவரே.

உலகத்தில் அவர் முழுசாக நம்பியது அவருடைய காதை மட்டும். விவேக் நகரில் தமிழ்ப் பூசைக்குப் பாடும் கொயரை நெடுங்காலமாக நடத்துகிறவர் அவர்தான். முப்பது பேர் சேர்ந்து பாடினாலும், எந்த வரிசையில் யார் சுருதி இறங்கினார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார் என்று பெயர். ரிட்டயர் ஆன பிறகு ஆபீஸ் மரியாதை ஆபீசோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்தக் காதுக்குக் கிடைத்த மரியாதைதான். அதுவும் போனால் தனக்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

அப்படிப்பட்டவரின் காருக்கு வருகிற சனிக்கிழமையோடு வாரண்டி முடிகிறது. கோளாறு இருந்தால் வாரண்டி முடிகிறவரை மறைப்பார்கள், முடிந்த மறுநாள் தாங்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே ஒரு வாரமாக ரேடியோ போடாமல், ஏசி போடாமல், மனைவி ஜோசஃபினையும் பேசவிடாமல் வண்டி ஓட்டினார். ஈஜிபுராவில் ஒரு பள்ளத்தைக்கூட விட்டுவைக்காமல் இறக்கி ஏற்றினார். கடைசியில் இடப்பக்கம் அடியிலிருந்து ஒரு சத்தம் அகப்பட்டது. குற்றவாளியைப் பிடித்த போலீஸ்காரரின் திருப்தியோடு, ஜோசஃபினையும் ஏற்றிக்கொண்டு சர்வீஸ் செண்டருக்குப் போனார்.

அங்கே வண்டியை வாங்கி, குறையைக் கேட்டுக்கொள்கிற வேலையில் நிருபமா என்று ஒரு பெண் இருந்தாள். ரெமிஜியஸ் அவளிடம் சத்தத்தைச் சொல்லவில்லை, பாடிக்காட்டினார்.

"தொம்... தொம்... இப்படிம்மா. பேஸ் வாய்ஸ் மாதிரி. லெஃப்ட் சைடு. பள்ளத்துல இறங்கும்போது மட்டும்."

நிருபமா சிரிக்கவில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஓட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தாள்.

"கரெக்ட் சார். சஸ்பென்ஷன்ல ஒரு பார்ட் லூஸாயிருக்கு. புது பார்ட் மத்தியானம் வந்துடும், வாரண்டியிலயே மாத்திக் குடுத்துடறோம்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது ரெமிஜியஸுக்குப் பிடிக்கவில்லை. எலிப்பொறி வைக்கிறவன் வடைக்குக் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று காத்திருந்தார். வந்தது.

"இன்னொண்ணு சார். பிரேக் போட்டா முன்னாடி வீல்ல கீச்சுன்னு கத்துதே, அதை நீங்க சொல்லவே இல்லையே?"

"கத்துதா? என்ன கத்துது?"

"பிரேக் பேட் தேஞ்சுபோச்சு சார். தேஞ்சா அப்படிக் கத்தற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. உடனே மாத்தணும். ஆனா அது வாரண்டியில வராது சார், தேயற சாமான்."

ரெமிஜியஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்குக் கேட்கிற சத்தம் கம்பெனி செலவு. அவருக்குக் கேட்காத சத்தம் அவர் செலவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். இல்லாத பூசணிக்காயை இலையில் பரிமாறுகிறவர்களை அன்றுதான் பார்த்தார்.

"எனக்குக் கேக்காத சத்தம் உனக்கு எப்படிம்மா கேக்குது?"

நிருபமா வாசலிலேயே வண்டியை நகர்த்திப் பிரேக் போட்டாள். "இப்போ கேட்டுச்சா சார்?" கேட்கவில்லை. மறுபடி போட்டாள். கேட்கவில்லை. அவள் அங்கே நின்ற மெக்கானிக்கைப் பார்த்து, "சவுண்ட் பர்த்தா இதெயல்லா?" என்று கன்னடத்தில் கேட்டாள். சத்தம் வருகிறது என்று அவன் தலையாட்டினான். தலையாட்டாமல் என்ன செய்வான், சம்பளம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. கன்னடத்தில் பேசினால் இந்த ஆளுக்குப் புரியாது என்று நினைத்தார்களாக்கும். இவர்கள் பிறப்பதற்கு முன்பே சிவாஜிநகரில் கன்னடத்தில் சண்டை போட்டவர் அவர்.

"என் ஒய்ஃபை உக்காரவெச்சு நானே ஓட்டிப் பாத்துட்டு வரேன்" என்றார்.

"பாத்து சார். பிரேக் விஷயம். வேகமா போவாதீங்க" என்றாள் நிருபமா.

உள்ளே நாற்காலியில் செபமாலையோடு உட்கார்ந்திருந்த ஜோசஃபினை எழுப்பி வண்டியில் ஏற்றினார். விவரத்தைச் சொன்னார்.

"ஜோசி, காதைத் தீட்டிவெச்சுக்க. பிரேக் போடப்போறேன். சத்தம் வந்தா சொல்லு."

போட்டார். ஜோசஃபின் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. ஒண்ணும் வரல."

"நல்லா கேட்டியா?"

"நல்லாத்தான் கேட்டேன். அந்தப் பொண்ணு என்னத்தையோ சொல்லுது."

ரெமிஜியஸுக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. திரும்பிப் போனதும் மேனேஜரைக் கூப்பிட்டு என்னென்ன கேட்கப்போகிறார் என்பதை ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினார். தேவையிருந்த இடத்திலும் பிரேக் போட்டார், தேவையில்லாத இடத்திலும் போட்டார். ஒவ்வொரு தடவையும் ஜோசஃபின் இல்லை என்று தலையாட்டினாள்.

ஈஜிபுரா சிக்னலில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் பிரேக் போட்டு நிறுத்தியபோது, பக்கத்து ஸ்கூட்டரில் அம்மாவுக்கு முன்னால் நின்றிருந்த சின்னப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. பொத்திக்கொண்டு அவர் காரின் முன்சக்கரத்தைப் பார்த்தது. வண்டிகள் கொஞ்சம் நகர்ந்தன. அவரும் நகர்ந்து மறுபடி பிரேக் போட்டார். குழந்தை மறுபடி பொத்திக்கொண்டது. இந்தத் தடவை அதன் அம்மாவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள்.

நிருபமாவுக்குக் கம்பெனி சொல்லிக்கொடுத்திருக்கலாம். மெக்கானிக்குக்கு நிருபமா சொல்லிக்கொடுத்திருக்கலாம். இந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அவர் ஜோசஃபினைப் பார்த்தார். அவளும் குழந்தையைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. முகம் வெளுத்திருந்தது.

சிக்னலைத் தாண்டி ஓரமாக நிறுத்தினார்.

"ஜோசி. சத்தம் வருதா, இல்லையா?"

ஜோசஃபின் செபமாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வருதுங்க."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா இருக்கும்."

"பிரேக்குடி இது! ரெண்டு பேரும் போய்ச் சேந்திருப்போம். ஏன் சொல்லல?"

"எப்படியும் சர்வீஸ்ல விடப்போறீங்க, அவங்களே சொல்லி மாத்திடுவாங்கன்னு நெனச்சேன். உங்களுக்குக் கேக்கலன்னு என் வாயால சொல்ல வரலைங்க எனக்கு."

கோபத்தில் அடுத்த வார்த்தையை எடுக்கப்போனவர் நின்றுவிட்டார். எத்தனை கோபத்திலும் ஓட்டையைக் கண்டுபிடிக்கிற புத்தி அவருக்கு. காரில் சத்தம் வந்து புருஷன் பேசாமல் ஓட்டினால், கவனிக்கவில்லை என்றுதான் எந்த மனைவியும் நினைப்பாள். கேட்கவில்லை என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

"உனக்கு முன்னாடியே தெரியும்" என்றார். "வேற யாருக்குத் தெரியும்?"

"கொயர்ல எல்லாருக்கும்."

"நீ சொன்னியா?"

"அவங்கதாங்க எனக்குச் சொன்னாங்க. கிறிஸ்துமஸ் சமயத்துல, கொயர்ல பாடற லவினா வீட்டுக்கு வந்து அழுதா. மேல் ஸ்தாயிக்குப் போறப்ப பிசகினா உங்களுக்குத் தெரியறதில்லையாம். சரியா பாடினா கேக்கலன்னு திட்டறீங்களாம். அதனால..."

"அதனால?"

"டிரேவர் கீபோர்டுல உக்காந்துக்கிட்டு, சுருதி சரியா தப்பான்னு தலையாட்டறான். அதைப் பாத்துத்தான் எல்லாரும் பாடறாங்க. நீங்க அவனுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறீங்க இல்ல."

ஈஸ்டருக்கு எத்தனை நன்றாகப் பாடினார்கள்! பூசை முடிந்து ஃபாதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார். அன்றைக்கு எல்லோருடைய கண்ணும் தன் தோளுக்கு மேலே எங்கோ பார்ப்பதாக அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது உண்மை. இரண்டு தடவை திரும்பிக்கூடப் பார்த்தார். டிரேவர் குனிந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பது பேரும் கட்டின பெண்டாட்டியும் சேர்ந்து மாதக்கணக்காக அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். இதில் யாருக்கு என்ன லாபம் என்று பழக்கதோஷத்தில் யோசித்துப் பார்த்தார். ஒருவருக்கும் இல்லை. லாபமில்லாமல் ஏமாற்றுகிறவர்களை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அழுகை வந்தது. வண்டிக்குள் ஜோசஃபின் மட்டும்தானே என்று அழுதார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். மெதுவாக, ஓரமாகவே ஓட்டினார்.

"இப்போ வருதா?"

"வருதுங்க."

"பலமாவா?"

"பலமாத்தான்."

சரிபார்க்க அவரிடம் வழி எதுவும் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

"சாயந்திரம் பிராக்டிஸுக்கு நான் போகணுமா, ஜோசி?"

"போங்க. டிரேவர் தெரியற மாதிரி திரும்பி நின்னுக்கங்க. எல்லாரும் பாக்கறதை நீங்களும் பாருங்க."

சர்வீஸ் செண்டர் வாசலில் அவர் பிரேக் போட்டபோது, அந்தக் கோடியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த நிருபமா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.