பேட்டரி மாற்றிய தேதி

ஜெபசீலன் சார் சாயர்புரத்தில் முப்பது வருடம் அறிவியல் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற்றபின் மனைவி ஞானதீபத்தோடு முத்தையாபுரத்துக்கு, மகன் ஷாமின் வீட்டுக்கு வந்துவிட்டார். ஷாம் மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய கார், நின்ற இடத்தில் இன்ஜினைத் தானே அணைத்துக்கொள்ளும். கிளட்சை மிதித்தால் தானே ஸ்டார்ட் ஆகும். சாருக்கு அது பிடிக்கவேயில்லை. ஏறி உட்கார்ந்ததும் அந்த வசதியை நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிடுவார்.

"ஸ்டார்ட் ஆகும்போதுதாம்லே இன்ஜின் தேயும். நாளைக்கு நாப்பது தடவ அணைச்சா என்னத்துக்கு ஆகும்?"

"சூடா இருக்க இன்ஜின் ஒரு நிமிஷம் நின்னா ஆயில் எங்கயும் போயிராதுப்பா. ஸ்டார்ட்டரு, பேரிங்கு எல்லாம் இதுக்குன்னே பலமாச் செஞ்சிருக்கான்."

ஷாம் சாகுபுரம் ஆலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியாளன். ஒருநாள் எரிச்சலில், "இனிமே அந்தப் பொத்தானத் தொடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டான். சார் அதன்பின் தொடவில்லை.

மே மாதத்தில் ஒரு மதியம் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஞானதீபம் பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொள்ள, ஷாம் ஊருக்குள் இருந்த ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நின்றன. கார் நின்றது, இன்ஜினும் அணைந்தது. லாரிகள் நகர்ந்ததும் கிளட்சை மிதித்தான். டிக், டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. சாவியைத் திருகினான். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் இறங்கித் தள்ளியும் பிடிக்கவில்லை. ஒரு ஆட்டோவை மறித்து ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சார் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார்.

"கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

"அவிய சொன்னாவள்லா? நீ கேட்டியாலே?" என்று ஞானதீபம் மகனைப் பார்த்துக் கேட்டாள். அதன்பின் பத்து நாளாக அவள் அவனோடு பேசவில்லை. அழவும் இல்லை.

பதினோராம் நாள் ஷாம் மெக்கானிக் சுந்தர்சிங்கின் பட்டறைக்குப் போனான்.

"தேஞ்சுதான் போச்சா அண்ணாச்சி?"

"இன்ஜின்லயும் ஸ்டார்ட்டர்லயும் ஒரு தேய்மானமும் இல்ல தம்பி. பேட்டரிதான் செத்துட்டு. யாரு போட்டது இத? இந்த மாதிரி வண்டிக்குன்னு தனி பேட்டரி இருக்கு. இது சாதாப் பேட்டரி. இத்தன தடவ ஸ்டார்ட் பண்ணா தாங்காது."

ஷாம் பேட்டரி மாற்றியதே இல்லை. டேஷ்போர்டைத் திறந்து பார்த்தான். உள்ளே பேட்டரியின் வாரண்டி அட்டை இருந்தது. அப்பாவின் குண்டு குண்டான எழுத்தில் தேதி: மார்ச் பதினொன்று. அந்த வாரம் ஆலையில் பெரிய பராமரிப்பு வேலை. வீட்டுக்கு வந்தாலே தூக்கம்தான். வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா சொன்னது நினைவிருந்தது.

"கடைக்காரன் எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லிக் குடுத்திருப்பான். சாருக்கு எப்படித் தெரியும்?" என்றார் சுந்தர்சிங்.

"அன்னைக்கு நான் பொத்தான அமுக்கியிருந்தா?"

சுந்தர்சிங் கையைத் துணியில் துடைத்தார். "இன்ஜின் நின்னிருக்காது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா சரியான பேட்டரி கெடந்திருந்தா, நின்னாலும் அடுத்த நிமிஷம் ஸ்டார்ட் ஆயிருக்கும். அம்மாகிட்ட இதச் சொல்லுங்க. ஒங்க மேல மட்டும் தப்பில்லன்னு அவிய தெரிஞ்சிக்கிடட்டும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்றே யோசித்தான். ஞானதீபம் அடுப்படியில் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மெக்கானிக் என்னலே சொல்லுதான்?"

பத்து நாளுக்குப் பிறகு அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி. அட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது.

"அப்பா சொன்னதுதாம்மா சரி" என்றான் ஷாம். "நான் கேட்டிருக்கணும்."

ஞானதீபத்தின் கை நின்றது. "அவியளுக்கு எல்லாம் தெரியும்லே" என்றாள். "எல்லாம் தெரியும்." பிறகு பத்து நாள் அழுகையும் சேர்ந்து வெடித்தது.

ஷாம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவன் எழுந்து போகவில்லை. அவள் அழுது ஓயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.