கல்வாய்

ஜீப் ஓட்டும் வினோவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து பந்தலுக்குள் தள்ளினான் பாண்டித்துரை. பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் விழுந்த வினோ எழுவதற்குள் முதுகில் ஒரு மிதி விழுந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள்.

"எங்கப்பனக் கொன்னுட்டு ஸ்டாண்டுல நின்னு டீ குடிக்கிறான், பாரு" என்றான் பாண்டித்துரை.

அவன் தங்கை முருகேஸ்வரி பந்தலை ஒட்டிய திண்ணையில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் தலை துணி சுற்றிய உருண்டையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் அப்படித்தான் கட்டி அனுப்பினார்கள். அவிழ்த்துப் பார்க்க வேண்டாம் என்று ஆம்புலன்ஸ்காரர் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். நெற்றி எங்கே இருக்கும் என்று ஊகித்து, அம்மா சாந்தம்மாள் அந்தத் துணியின் மேலேயே திருநீறு பூசியிருந்தாள்.

"அண்ணே, நான் நேத்து மேல ஏறவே இல்லண்ணே. வண்டி பஞ்சர். ஸ்டாண்டுல கேளுங்க."

"கேட்டேன். சனிக்கெழம டீக்கடையில எங்கப்பன்ட்ட என்னடா சொன்ன? இத்தன பேரு முன்னால சொல்லு."

வினோ கையை ஊன்றி உட்கார்ந்தான். "பெருசு, இந்த வழியா வராத, ஒருநா தலையில கல்லு விழும்னு சொன்னேன். நல்லதுக்குத்தாண்ணே சொன்னேன்."

பாடை கட்டியதுபோக மீந்த மூங்கில் ஒன்று சுவரோரம் கிடந்தது. பாண்டித்துரை அதை எடுத்தான்.

மறையூரில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் அந்தக் கோட்டை தெரியும். மலை உச்சியில் கறுப்பாக ஒரு சுவர். கட்டியது யார் என்று யாருக்கும் தெரியாது. வாசலில் இருக்கும் பலகையிலும் காலம் அறியப்படவில்லை என்றுதான் போட்டிருக்கிறது. ஜீப்பில் ஆட்களை ஏற்றிப்போகும் முருகேஸ்வரியின் கணவன் மணிகண்டனிடம் அதற்கு ஒரு கதை இருந்தது. உள்ளே நாற்பது பேர், வெளியே நாலாயிரம் பேர், பதினோரு நாள் சண்டை. சீசனில் வெளியே நின்றவர்கள் பத்தாயிரம் ஆவார்கள். கல்யாணமான புதிதில் முருகேஸ்வரி அவனோடு ஒருமுறை ஏறி அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

கிழக்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு திறப்பு உண்டு. கல்வாய் என்பார்கள். நாற்பது பேரும் அதன் வழியாகக் கல்லை உருட்டித்தான் கோட்டையைக் காத்தார்கள் என்று மணிகண்டன் சொல்வான். சொல்லிவிட்டு ஒரு கல்லை உருட்டிக் காட்டுவான். வந்தவர்கள் சேர்ந்து எண்ணுவார்கள். எட்டு எண்ணும்போது கீழே பாறையில் மோதும் சத்தம் வரும். கை தட்டுவார்கள். கல் உருட்டக் கூடாது என்று போன வருடம் போர்டு வைத்தார்கள். உருட்டாத ஜீப்பில் ஏற யாரும் விரும்பவில்லை.

அந்தச் சரிவில்தான் தைலப்புல் வளர்கிறது. அப்பா நல்லமுத்து அதை அறுத்துத் தைலம் காய்ச்சும் கொட்டகைக்குக் கொடுப்பார். அறுப்பவர்களுக்கும் ஜீப்காரர்களுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. ஜீப் பத்து மணிக்குமேல்தான் வரும். அதற்குள் அறுப்பவர்கள் இறங்கிவிட வேண்டும். என்றாலும் கல்லைத் தள்ளுமுன் ஒரு விசில் கொடுப்பார்கள்.

நேற்று லீவு நாள். பனி பார்க்க வேண்டும் என்று மணிகண்டனின் ஜீப்பில் வந்தவர்கள் ஏழரைக்கே மேலே இருந்தார்கள்.

அவன் ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, போர்த்திக்கொண்டு படுத்தான். காய்ச்சல் என்று முருகேஸ்வரி நினைத்தாள். பன்னிரண்டு மணிக்கு அப்பாவைப் பார்த்துவிட்டு ஆள் ஓடிவந்தது. மாலையில் பிணவறைக்கு வெளியே காத்திருந்தபோதுதான் அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னான்.

"எட்டுல வர வேண்டிய சத்தம் அஞ்சுல வந்துச்சு."

"விசில் அடிச்சீகளா?"

"பனியா இருந்துச்சு."

"அடிச்சீகளான்னு கேட்டேன்."

அவன் குழாயைத் திறந்தான், மூடினான். "எடுத்து முடியட்டும். நானே ஒங்கண்ணன்ட்ட சொல்லிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

அவள் தலையசைத்தாள். அம்மா ஒரு நாளாவது வேறெதுவும் தெரியாமல் அழட்டும் என்று தோன்றியது.

இப்போது மணிகண்டன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மூங்கில் வினோவின் தோளில் விழுந்தது. பிறகு தடுத்த கையில். விரல் ஒடிந்த சத்தம் அடிச் சத்தத்திலிருந்து தனியாகக் கேட்டது.

"கைய விட்ருப்பா. கால்ல போடு. பாவம், வண்டி ஓட்டணும்ல" என்றார் பின்னாலிருந்து ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஜீப் ஸ்டாண்டின் செயலாளர் செபாஸ்டின் வேகமாக வந்தார். "பாண்டி, விடு. மழையில பாறை இளகி விழுந்ததுன்னு ஸ்டேஷன்ல எழுதியாச்சு."

"எந்த மழையில? மறையூர்ல மழை பேஞ்சு எத்தன நாளாச்சு? காலையில நான் மேல போயிப் பாத்தேன். கல்வாய்ல வெள்ளையா தேச்ச தடம் இருக்கு. தன்னால நடந்து வந்துச்சா கல்லு?"

வினோவின் வாயிலிருந்து ரத்தம் வாய்க்கரிசித் தட்டில் தெறித்திருந்தது. சாந்தம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சிவப்பான அரிசியை மட்டும் விரலால் ஒதுக்கினாள்.

"மணியண்ணே" என்றான் வினோ. "நீங்க சொல்லுங்கண்ணே. மொத ட்ரிப்பு ஒங்களுதுதான."

எல்லோரும் திரும்பினார்கள்.

"ட்ரிப்பு போனேன்" என்றான் மணிகண்டன். "கல்லு உருட்டல. போர்டு வச்சதுக்கப்புறம் நான் உருட்டுறதே இல்ல."

நிதானமாகச் சொன்னான். நாற்பது பேர் கதையைச் சொல்லும் அதே குரல்.

"செத்தவரு மருமகன் மேலயே போடுறியாடா?" பாண்டித்துரை மூங்கிலை எறிந்துவிட்டு வீட்டுக்குள் போனான். வெளியே வந்தபோது கையில் கவாத்துக் கத்தி இருந்தது. தேயிலைச் செடியின் விரல்கனக் கிளையை ஒரே வீச்சில் வெட்டும் கத்தி. சிரித்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். செபாஸ்டின் குறுக்கே போனார். அவர் புறங்கையில் கத்தி கிழித்தது. கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

முருகேஸ்வரி எழுந்தாள். கணவனைப் பார்த்தாள். அவன் பேசுவான் என்று ஒரு மூச்சு நேரம் நின்றாள். அவன் மேலே தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நடந்துபோய் வினோவுக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணே. இவன் இல்ல."

"தள்ளு முருகேசு."

"அவுகதான் உருட்டுனது. நேத்து சாயந்தரமே எனக்குத் தெரியும்."

பாண்டித்துரையின் கை இறங்கவில்லை. கத்தி அவள் முகத்துக்கு நேராக நின்றது. அதில் செபாஸ்டினின் ரத்தம் வழிந்து கைப்பிடிக்கு வந்தது. அவன் அவளைத் தாண்டி மணிகண்டனைப் பார்த்தான். மணிகண்டன் மறுக்கவில்லை.

சாந்தம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "எத்தன மணிக்கு, மாப்ள?"

"ஏழே முக்கால் இருக்கும், அத்த."

"பன்னெண்டு மணிக்குத்தான் மனுசனப் பாத்தாக. அதுவரைக்கும் உசுரு இருந்துச்சா?"

முருகேஸ்வரி அவனிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது. நேற்று மாலையிலிருந்து அதன் பக்கமே அவள் போகவில்லை.

"நான் எறங்கிப் பாக்கல, அத்த" என்றான் மணிகண்டன்.

பாண்டித்துரை கத்தியோடு தங்கையைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தான். நான்கு பேர் அவன் மேல் விழுந்து கையை முறுக்கினார்கள். கத்தி மண்ணில் விழுந்தது. அவன் கால் மட்டும் எட்டியது. மார்பில் உதைபட்டு மணிகண்டன் மல்லாந்தான். எழுந்து அதே இடத்தில் உட்கார்ந்தான். பாண்டித்துரை மீண்டும் உதைத்தான். மணிகண்டன் மீண்டும் உட்கார்ந்தான். வேட்டி அவிழ்ந்ததைச் சரிசெய்யவில்லை.

"பாண்டி" என்றாள் அம்மா. "வெயில் ஏறுது. அவரத் தூக்கு."

அந்தக் குரலுக்கு அவன் நின்றான். மூச்சு வாங்கினான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தான்.

செபாஸ்டின் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வினோவை வேறொருவர் ஓட்டிய ஜீப்பில் ஏற்றினார். ஏறுவதற்கு முன் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். வினோ முருகேஸ்வரியைக் கடந்து போனபோது அவள் பக்கம் பார்க்கவில்லை.

வாய்க்கரிசி போட்டார்கள். துணி உருண்டையின் மேல் அரிசி நிற்காமல் இரண்டு பக்கமும் சரிந்தது. மருமகன் செய்ய வேண்டியதை யாரோ மாப்பிள்ளை முறைக்காரர் செய்தார். மேளம் எழுந்தது. தெரு முக்குவரை பெண்கள் போனார்கள். அதற்குமேல் போகக் கூடாது. பாண்டித்துரையின் தோளில் பாடை ஆடி ஆடிக் கரும்புத் தோட்டத்துப் பக்கம் திரும்பும்வரை நின்றார்கள்.

திரும்பி வரும்போது அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள் முருகேஸ்வரி. சாந்தம்மாள் சேலைத் தலைப்பை எடுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இரண்டு கையும் உள்ளே போய்விட்டன.

பந்தலில் மணிகண்டன் அப்படியே இருந்தான். போலீஸ் இன்னும் வரவில்லை. சுற்றிலும் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன.

பிணம் போன வீட்டைக் கழுவ வேண்டும். முருகேஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடத்தை எடுத்தாள். உள் அறையில் ஊற்றித் தேய்த்தாள். அப்பா கிடந்த இடத்தில் ஊற்றினாள். தண்ணீர் செவ்வந்தி இதழ்களையும் அரிசியையும் தள்ளிக்கொண்டு படியிறங்கி முற்றத்துக்கு வந்தது. மண்ணில் உறைந்திருந்த ரத்தத்தைக் கரைத்துக்கொண்டு, பள்ளம் பார்த்து ஓடி, மணிகண்டனின் பாதங்களைச் சுற்றித் தேங்கியது.

அவன் காலை எடுக்கவில்லை. அவள் அடுத்த குடத்தைச் சாய்த்தாள்.