காணிக்கை வரிசை

மவுண்ட் நீபோ சபையில் வெர்னெல் கெயின்ஸ் கையைத் தூக்கினால் பாஸ்டர்கூட ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையும் போட்டு நடைவழியில் நிற்கும் அஷர்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. ஜெபம் நடக்கும்போது யார் எழுந்திருக்கலாம், தாமதமாக வந்தவர் எங்கே உட்காரலாம், அழும் குழந்தையை எந்தக் கதவு வழியாகக் கொண்டுபோகலாம் என்பதெல்லாம் அவள் விரல் சொல்லும். வாய் திறக்கவே மாட்டாள்.

அப்பேர்ப்பட்டவளால் சொந்தப் புருஷனை ஒரு ஊசிக்குச் சம்மதிக்க வைக்க முடியவில்லை.

ஹோசியா கெயின்ஸ் வாலிபத்திலிருந்தே அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் இரும்பு வார்ப்பு ஆலையில் புகையைக் குடித்த ஆள். ஓய்வு பெற்றபோது ஆலைக்காரர்கள் ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். கெட்டுப்போன நுரையீரலை அவனாகவே கொண்டுவந்துவிட்டான். போன குளிர்காலத்தில் நிமோனியா வந்து அவனும் அவன் தம்பி கிளெமும் ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஹோசியா வீட்டுக்கு வந்தான். கிளெம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்கமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் வெர்னெலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. அவன் இருமும்போதெல்லாம் அடுத்த மூச்சு வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள். காலையில் எழுந்ததும், "நீ அந்த நிமோனியாத் தடுப்பூசியப் போட்டுக்கிட்டே ஆகணும்" என்பாள். அவன் காப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவான்.

அக்டோபரில் கவுண்டி, அதாவது மாவட்ட, சுகாதாரத் துறைக்கும் திடீரென்று ஞானம் பிறந்தது. வயதானவர்களில் வெள்ளைக்காரர்கள் போட்டுக்கொள்கிற அளவுக்குக் கறுப்பர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்வதில்லை என்று கண்டுபிடித்து, மவுண்ட் நீபோ வாசலில் ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எந்த நாளில்? சனிக்கிழமை. அதுவும் அலபாமாவும் டென்னசியும் கால்பந்து ஆடுகிற சனிக்கிழமை. ஆண்கள் எல்லாம் டிவி முன்னால். பெண்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தலைமுடியைச் சீவிச் சுருட்டிக்கொள்ள அழகு நிலையத்தில். வேனில் இருந்த அதிகாரி தனியாக உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுவிட்டு, "இவங்களுக்கு இதுல விருப்பமில்ல" என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதைக் கேட்ட வெர்னெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருப்பமில்லையா? எங்கள் நாள் எது, பொழுது எது என்று தெரியாதவன் எங்கள் விருப்பத்தைப் பற்றிப் பேசுகிறானா? அன்றைக்கே கவுண்டிக்குப் போன் போட்டு, விடாமல் நச்சரித்து, டமேக்கா ஹோல்ட் என்ற நர்ஸைப் பிடித்தாள். நம்மவள்தான், கறுப்புப் பெண், பக்கத்து ஊர் மெதடிஸ்ட் சபைக்காரி. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நேரத்திலேயே சாப்பாட்டுக் கூடத்தில் வந்து உட்காருவதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

மீதித் திட்டம் வெர்னெலுடையது. அது யாருக்கும் தெரியாது, அவளுடைய அஷர்களைத் தவிர.

மவுண்ட் நீபோவில் காணிக்கைத் தட்டு ஆளிடம் வராது. ஆள்தான் தட்டிடம் போகவேண்டும். ஆர்கன் முழங்கும், அஷர் வந்து பெஞ்சின் ஓரத்தில் நின்று கையைக் காட்டுவாள், வரிசை மொத்தமும் எழுந்து நடந்து முன்னால் இருக்கிற மேசையைச் சுற்றிப் பக்கவாட்டு வழியாகத் திரும்பும். உன் வரிசை எழுந்தால் நீயும் எழுந்தாக வேண்டும். பையில் ஒன்றும் இல்லாதவன்கூட வெறும் கையை மூடிக்கொண்டு போய் மேசையைத் தொட்டுவிட்டு வருவான். மவுண்ட் நீபோவில் உட்கார்ந்திருந்தவர் என்று பேர் வாங்க யாருக்கும் தைரியம் கிடையாது.

வெர்னெல் செய்தது இவ்வளவுதான். பக்கவாட்டு வழியில் இரண்டு அஷர்களை நிறுத்தி அடைத்தாள். சாப்பாட்டுக் கூடத்துக் கதவைத் திறந்து வைத்தாள். மேசையைச் சுற்றி வருகிற வரிசைக்கு வேறு போக்கிடம் இல்லை. நேராக நர்ஸிடம் போய்த்தான் நிற்கவேண்டும். முப்பது வருடமாக இந்த ஜனங்களின் கால்களை நடத்தியவள், கைகளும் பின்னாலேயே வரும் என்று நம்பிவிட்டாள்.

ஆர்கன் தொடங்கியது. முதல் பெஞ்சு சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்களுடையது. அதில் முதல் ஆள் ஹோசியா. அவன் எழுந்தான், காணிக்கை உறையை மேசையில் போட்டான், பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினான். இரண்டு பெண்கள் கைகளைக் கட்டிக்கொண்டு வழியில் நின்றார்கள். வலது பக்கம் பார்த்தான். திறந்த கதவு, உள்ளே மேசைமேல் பஞ்சும் ஊசியும், பின்னாலிருந்து கோழி பொரிக்கிற வாசனை. அவன் நின்றுவிட்டான். பின்னால் வந்த டீக்கன் அவன்மேல் முட்டினார், அவர்மேல் அடுத்தவர், அதற்கும் பின்னால் சபையின் மூத்த தாயான மதர் டப்ஸ் அம்மாவின் இறகுத் தொப்பி சரிந்து ஒருவர் மூக்கில் குத்தியது. வெர்னெல் விரலை நீட்டிக் கதவைக் காட்டினாள். ஹோசியா அசையவில்லை. ஆர்கன்காரர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

"வெர்னெல்" என்றான் ஹோசியா. சத்தம் போடவில்லை, போட அவனிடம் மூச்சும் இல்லை. "டேல் மர்ச்சிசன் எங்கூட அதே ஆலையில அதே புகையக் குடிச்சவன். எனக்குப் பாக்கற அதே டாக்டர்தான் அவனுக்கும் பாக்கறாரு. அவன் வெள்ளக்காரன். 'டேல், இப்படி ஒரு ஊசி இருக்கு, போட்டுக்கறீங்களா'ன்னு அவன்கிட்ட கேட்டுப் போட்டிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல. ஆனா எனக்கு விருப்பமில்லையாம்."

யாரோ ஒருவர் பின்னால் "ஆமென்" என்றார்.

"நீ வீட்டுல தெனமும் சொன்ன. உத்தரவு போட்ட. எம்மனசுல என்ன இருக்குன்னு ஒரு நா விசாரிச்சியா? இன்னிக்கு வழிய அடச்சு ஓட்டிட்டு வர்ற. நம்ம ஆளுங்களக் கேக்காமலே அந்தக் காலத்துல டாக்டருங்க அவங்க ஒடம்புல என்னென்ன சோதன செஞ்சாங்கன்னு இங்க யாருக்கும் நான் சொல்லத் தேவையில்ல."

வெர்னெலுக்கு முதலில் வந்தது கோபம்தான். உன்னைக் காப்பாற்றத்தானே மனிதா இவ்வளவும் என்று கத்தவேண்டும் போல் இருந்தது. பிறகு வரிசையில் நின்ற முகங்களைப் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; வேனில் வந்த அதிகாரியைப் பார்த்திருந்தால் எப்படிப் பார்த்திருப்பார்களோ, அப்படி. அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது. கையை உயர்த்தி மெல்ல இறக்கினாள். பக்கவாட்டு வழி திறந்தது.

வரிசையில் பாதிப் பேர் விறுவிறுவென்று பெஞ்சுக்குத் திரும்பினார்கள். ஹோசியா போகவில்லை. அவள் கிட்டே போய், சபையில் ஆராதனை நேரத்தில் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"உன் மனசுல என்ன இருக்கு, ஹோசியா?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "கிளெமுக்கு செவ்வாக்கெழம ஏதோ ஊசி போட்டாங்க. வியாழக்கெழம போய்ட்டான். அது இதுதானா?"

இத்தனை மாதம் இதையா மென்று விழுங்கிக்கொண்டிருந்தான்! நர்ஸ் டமேக்கா கதவருகே வந்து நின்றிருந்தாள். அவள் பதிலை இனிப்புத் தடவிக் கொடுக்கவில்லை. "உங்க தம்பிக்கு என்ன போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது, ஐயா. நான் அங்க இல்ல. ஏற்கெனவே வந்துட்ட நோய்க்கு மருந்தா இருக்கலாம், ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். இது நோய் வர்றதுக்கு முன்னாடி போடறது. இதுல உயிருள்ள கிருமி கெடயாது. நிமோனியா மொத்தத்தையும் தடுக்காது. ரொம்ப மோசமான வகைகளத் தடுக்கும். கை வலிக்கும். காச்சல் லேசா வரலாம். இன்னும் என்ன வேணா கேளுங்க."

பெஞ்சுக்குத் திரும்பியவர்கள் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வெள்ளைக் கோட்டுக்காரரை ஹோசியா பார்த்ததே இல்லை. தலையை ஆட்டினான். பிறகு நர்ஸை விட்டுவிட்டுப் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"நீ போட்டுக்கிட்டியா?"

இந்தக் கேள்வியை வெர்னெல் எதிர்பார்க்கவே இல்லை. பொய் சொல்ல வாய் வந்தது. சிலுவைக்கு நேராக நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? "இல்ல" என்றாள்.

"டாக்டர் கேட்டாரா?"

"இல்ல."

"நம்ம வயசு ஒண்ணுதானே. சரி, நான் கேக்கறேன். போட்டுக்கறியா, வெர்னெல்?"

சபை முழுக்க அவள் வாயையே பார்த்தது. "பயமா இருக்கு" என்றாள் அவள். அவ்வளவு பேர் முன்னால் அவள் சொல்லி யாரும் கேட்டிராத வார்த்தை. "உன்னப் போட்டுக்கச் சொன்னேனே தவிர, என்னால அந்த ஊசியப் பாக்கக்கூட முடியல."

"எனக்கும் பயம்தான்" என்றான் ஹோசியா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்தான். முதலில் அவன் சட்டையைச் சுருட்டினான். அடுத்து அவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு. திறந்து பார்த்தபோது கதவருகே மதர் டப்ஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றாள், தன் சர்க்கரை நோய்க்கு இது ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பதற்கு. அவள் பின்னால் இன்னும் கொஞ்சம் பேர். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. எல்லோரும் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். வராதவர்களை அன்றைக்கு யாரும் முறைக்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை வெர்னெலுக்குக் கை விண்விண் என்று தெறித்தது. அந்தக் கையோடு, ஹோசியாவையும் கூட்டிக்கொண்டு, முன்பதிவு ஒன்றும் இல்லாமல் டாக்டர் அலுவலகத்துக்குப் போனாள். வரவேற்பில் இருந்த பெண், எங்கே வலி என்று விசாரித்தாள். வலிக்கு வரவில்லை, ஒரு கேள்வி இருக்கிறது என்றாள் வெர்னெல். டாக்டர் வெளியே வந்து சிரித்த முகமாய்க் கை நீட்டினார். அவள் பற்றிக் குலுக்கினாள், விடவில்லை.

"டேல் மர்ச்சிசனுக்கு ஊசி வேணுமான்னு கேட்டீங்க, டாக்டர். எங்க ரெண்டு பேரையும் ஏன் கேக்கல?"

டாக்டர் அவளைப் பார்த்தார், ஹோசியாவைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். இருவரும் காத்திருந்தார்கள்.