ஒரு தகரம் பசை

ராக்கம்மா தன் தாயின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கால்கள் வீங்கிக் கிடந்ததால் துணி எட்டவில்லை. இன்னொரு துண்டு கிழிக்கலாமென்று நிமிர்ந்தபோது வாசலில் அவள் புருஷன் முத்துவீரன் நின்றான்.

“தேருக்கு மூங்கி கட்டியாச்சு. பூ ஒட்டணும். பசை காய்ச்ச மாவு குடு.”

“இருக்கிறது அந்த டப்பாவில உள்ளதுதான்.”

“தெரியும்.”

தெரிந்துதான் கேட்கிறான். அதுதான் அவளுக்கு அலுப்பாக இருந்தது. நேற்று மத்தியானம் ஆளுக்குப் பாதிக் கிழங்கு தின்றதோடு சரி, பிள்ளைகள் வயிற்றில் வேறொன்றும் இல்லை. சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. மற்ற வருஷமாக இருந்தால் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் சட்டி நிறையக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். எழுபத்து நாலாம் வருஷம் அப்படியான வருஷமில்லை. கூப்பனுக்கு மாவு கொடுக்கும் சங்கக் கடை வாசலில் பொழுது விடியுமுன் போய் நின்றவர்களே வெறும் பையை மடித்துக்கொண்டு திரும்பினார்கள். பிரேதம் போனதும் அந்த மாவை அடுத்த காம்பரா செவனாயியிடம் கொடுத்து ரொட்டி தட்டி வாங்கலாமென்று ராக்கம்மா மனதுக்குள் முடிந்து வைத்திருந்தாள்.

“இந்த லயத்துல செத்த அத்தன பேரு தேருக்கும் ஒங்கம்மாதான் பூ செஞ்சிச்சு,” என்றான் முத்துவீரன். குரலை உயர்த்தவில்லை. “அது மொட்டத் தேர்ல போனா, நாளைக்கு நாம இந்த லயத்துல மொகங்காட்ட முடியுமா?”

பாடையைத் தோட்டத்தில் தேர் என்றுதான் சொல்வார்கள். உயிரோடு இருக்கிறவரைக்கும் ஏறாத தேரில் செத்த பிறகாவது ஏறட்டும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

செத்துப்போன பேச்சியம்மா பிள்ளைக்காம்பரா ஆயா. ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதற்குத் தோட்டம் கொடுத்த சாமான் நாலு தொட்டிலும் ஒரு பிரம்பும். பிரம்பை அவள் கூரைக்குள் சொருகிவிட்டு, கண்ணில் பட்ட தாளையெல்லாம் பொறுக்கிவந்தாள். பேப்பரில் தொப்பி, சிமெந்துப் பையில் பட்டம், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளில் சங்கிலி. பூ செய்வதுதான் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் பிடிக்கும். தாளை நீலத்திலோ மஞ்சள் தண்ணீரிலோ தோய்த்துக் காயவைத்து, நீளமாகக் கிழித்து, ஒரு ஓரத்தை விரலாலேயே சீப்புப் பல்லாகக் கிழித்து, தென்னை ஈர்க்கில் சுற்றி, அடியில் ஒரு பொட்டுப் பசை வைத்து அழுத்தினால் பூ. மூன்று வயதுப் பிள்ளையும் செய்துவிடும்.

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் இரத்தினசபாபதி குடையை மடக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு கட்டுப் பழைய பேப்பர்.

“பிள்ளையளுக்கு எண்டு அந்த மனிசி எப்பவும் வந்து கேக்கிறவ,” என்று தயங்கிக்கொண்டு நீட்டினார். “வேறை ஏதும் வேணுமெண்டால் கூச்சப்படாமல் சொல்லும், என்ன?”

ஒரு சுண்டு மாவு என்று ராக்கம்மாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவர் சட்டைக் கழுத்து எலும்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். போன வருஷம் அந்தச் சட்டை அவருக்குச் சரியாக இருந்தது.

“ஒண்ணும் வேணாங்கய்யா.”

அவர் போனதும் உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து புருஷன் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

செவனாயி தன் அடுப்பில் பசையைக் காய்ச்சி, பால்மாத் தகரத்தில் ஊற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். ஆவி பறந்தது. யாரும் கூப்பிடாமலே பிள்ளைக்காம்பராப் பிள்ளைகள், ஆயா முன்பே தோய்த்துக் காயவைத்திருந்த தாள்களோடு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ராக்கம்மாவின் கடைக்குட்டி காத்தாயியும் மூத்தவர்கள் இரண்டு பேரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஆயாவிடம் பழகிய கைகள், பூக்கள் கிடுகிடுவென்று குவிந்தன.

ராக்கம்மா தாயின் முகத்தில் உட்காரும் ஈயை விரட்டியபடி இருந்தாள். அழுகை வரவில்லை. ஒரு மூலையில் சுருண்டு படுக்க இடம் கிடைத்தால் போதுமென்று இருந்தது.

முத்துவீரன் ஒரு பூவை எடுத்தான். அது கையிலேயே அவிழ்ந்து தாளாகத் தொங்கியது. இன்னொன்றை எடுத்தான். அதுவும் அவிழ்ந்தது.

“பசை வச்சீங்களா இல்லயா?”

பிள்ளைகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாயைத் திறக்காததற்குக் காரணம் இருந்தது. காத்தாயியின் உதட்டோரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ராக்கம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்த பொடியன் விரலைத் தகரத்தில் விட்டு எடுத்தான், தாளில் தொடுவதுபோல் தொட்டான், பிறகு விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டான்.

முத்துவீரன் கையை ஓங்கினான்.

“அடிக்காதீங்க,” என்றாள் ராக்கம்மா.

எழுந்துபோய்த் தகரத்தைத் தூக்கினாள். பாதிக்கு மேல் இருந்தது. எத்தனையோ கண்கள் தகரத்தோடு கூடவே வந்தன. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் தாயின் தலைமாட்டைத் தாண்டி, அணைந்து கிடந்த அடுப்படிக்குப் போனாள். சிரட்டையிலிருந்து உப்பை எடுத்துப் பசைக்குள் போட்டு, ஈர்க்குக் கட்டின் அடியால் நன்றாகக் கலக்கினாள். திரும்பி வந்து பிள்ளைகளுக்கு நடுவில் வைத்தாள்.

“சண்ட போடாம தின்னுங்க. சின்னதுகளுக்கு மொதல்ல குடுங்க.”

“அப்ப தேரு?” என்றான் முத்துவீரன்.

“பூவ வாழநார்ல கட்டுங்க. நிக்கிறது நிக்கட்டும்.”

அவன் மூங்கில் பக்கம் திரும்பினான். பிறகு குந்தி உட்கார்ந்து நாரைக் கிழிக்கத் தொடங்கினான். செவனாயி தன் கைப்பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி, தகரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

மழை பிடிக்குமுன் தேரைத் தூக்கினார்கள். தப்புச் சத்தத்துக்கு மூங்கில் குலுங்கக் குலுங்க, நீலமும் மஞ்சளுமாகப் பூக்கள் அவிழ்ந்து ரோட்டில் விழுந்தன. கூடப்போன ஆம்பிளைகள் மிதித்துவிடாமல் விலகி விலகி நடந்தார்கள். பெண்கள் ரோட்டு வளைவுவரைதான் போகலாம். தேர் ரப்பர் மரங்களுக்குள் மறையும்வரை ராக்கம்மா அங்கேயே நின்றாள்.

சேலையை யாரோ இழுத்தார்கள். காத்தாயி. வலது கையைக் குழித்துப் பிடித்திருந்தாள். உள்ளங்கையில் ஒரு வாய்ப் பசை, வழியாமல் அவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தாள்.

“அம்மா, ஒனக்கு.”

ராக்கம்மா குனிந்து அந்தக் கையிலிருந்தே தின்றாள். உப்பு கொஞ்சம் கூடிப்போயிருந்தது.