கெர்கானாவின் கீழ்ப்பாதி

எங்கள் கீழ் சோஃபியாவில் ஆளுக்கு ஒரு சுரம்தான் அனுமதி. பிறந்ததுமே கழுத்தில் பட்டையை மாட்டிவிடுவார்கள். வேறு சுரம் பாடினால் அது கூப்பாடு போடும். தங்கை கெர்கானாவுக்குக் கிடைத்தது ‘ரி’. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அப்பா மறந்ததால் எனக்கு அதுவும் இல்லை. நான் சந்தையில் குடைமிளகாய் சுட்டு விற்கிறேன். மிச்ச நேரம் வம்பு பேசுகிறேன்.

விட்டோஷா மலைமேல் கண்ணாடி மாளிகைகளுக்குள் வாழ்கிறவர்களுக்கு ஏழு சுரமும் சொந்தம். அவர்களுடைய இசைப்பள்ளி வருடம் ஒரு கீழூர்ப் பிள்ளையைத் தேர்வுக்கு அழைக்கும். நியாயவான்கள் என்று காட்டிக்கொள்ள வேண்டுமே! இதுவரை ஒருவரும் தேறியதில்லை. இரண்டாம் வாய்ப்பும் கிடையாது. இந்த வருடம் கெர்கானாவை அழைத்தார்கள்.

“ஒத்தச் சுரத்த வச்சுக்கிட்டு என்னடி பாடுவ? மானம் போயிரும்.”

“நம்மகிட்ட இருக்கிற மானத்துக்கு நீ ரொம்பத்தான் கவலப்படுறக்கா.”

வாயாடி. துணைக்குப் போனேன்.

நடுவர்கள் மூன்று பேர். நடுவில் தலைவி லுக்ரேசியா, பட்டுக் கழுத்துத்துணியும் இறுகிய முகமுமாக. அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை.

“என்ன பாடப் போறம்மா?” என்றார் வழுக்கை நடுவர்.

“பாட்டுல கீழ்ப்பாதிங்கய்யா.”

கொல்லென்று சிரித்தார்கள்.

கெர்கானா கண்ணை மூடி ‘ரி’யைப் பிடித்தாள். எங்கள் பெண்கள் பாடும் முறை அதுதான். ஒருத்தி ஒரே சுரத்தை இழுப்பாள். இன்னொருத்தி அதை உரசிக்கொண்டே மேலே பாட்டை எடுப்பாள். இழுப்பவளைத் தனியே விடுவது, விருந்தாளியை வாசலிலேயே நிறுத்துவதுபோல. கீழே என்றால் வழியில் போகிறவர்களாவது ஆளுக்கொரு சுரமாகச் சேர்த்துப் பாட்டை முடித்துக் கொடுப்பார்கள்.

மூன்று நிமிடம் ஆயிற்று. குரல் இம்மியும் அசையவில்லை. எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று எனக்கே தெரியவில்லை. சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள்.

திடீரென்று அந்த ‘ரி’யை உரசிக்கொண்டு இன்னொரு குரல் கிளம்பியது. எங்கள் அறுவடைப் பாட்டு! பாடியது லுக்ரேசியா. அசல் கீழூர் உச்சரிப்பு. அடியின் கடைசியில் எங்கள் பெண்கள் போடும் கூவல்கூடத் தப்பவில்லை. போட்ட பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வழுக்கை நடுவர் வெளிறிப்போனார். “அம்மா… இத எங்க கத்துக்கிட்டீங்க?”

அவள் மழுப்பியிருக்கலாம். கெர்கானாவைப் பார்த்தாள். கழுத்துத்துணியை உருவி மேசைமேல் போட்டாள். பட்டை இருந்த தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

“எங்கம்மா முதுகுல தொங்கிக்கிட்டே கத்துக்கிட்டேன். புள்ள தனியா இழுத்துக்கிட்டு நிக்குது, நீங்க ரெண்டு பேரும் மரமாட்டம் உக்காந்திருக்கீங்க. அவ பேர எழுதுங்க. என் நாற்காலிய அப்புறம் பிடுங்கிக்கலாம்.”

வழுக்கை நடுவர் எழுதினார்.

கெர்கானா இன்னும் ‘ரி’யை விடவில்லை, இரண்டாம் அடிக்காகக் காத்திருந்தாள். லுக்ரேசியா இறங்கி வந்து, எங்கள் பெண்கள் நிற்பதுபோல அவள் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை எடுத்தாள். நான் சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதேன்.